தரையில் நான்கு போல்ட்

1967 முதல் 1972 வரை அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்து விற்ற செவர்லே சி10 பிக்கப், அந்நாட்டுப் பழைய வண்டிப் பித்தர்களின் செல்லப்பிள்ளை. உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. முன் மூடியைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றி ஆள் கை நுழைத்து வேலை செய்யத் தாராளமான இடம். அதன் உருவத்தைப் பற்றி யாரும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்குபவர் முதலில் பேசுவது சீட்டைப் பற்றித்தான்.

கதவுக்குக் கதவு ஒரே நீளமாகப் போகும் பெஞ்ச் சீட் அது. மேலே ரெக்சின், உள்ளே கம்பிச் சுருள்கள், இரண்டுக்கும் நடுவே சாக்குத்துணியும் பஞ்சும். மூன்று பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகலாம். ஓட்டுபவர் குள்ளமாக இருந்து சீட்டை முன்னால் இழுத்தால், பக்கத்தில் இருக்கும் நெட்டையருக்கும் முழங்கால் டாஷ்போர்டில் முட்டும். நகர்வது முழுப் பெஞ்சும் அல்லவா? சாய்மானம் சாயாது. தலைக்கு அணை இல்லை. போதாததற்கு, ஐம்பது வருடமாக ஒரே பக்கத்தில் ஒருவர் ஏறி இறங்கியதில் இடது ஓரத்துச் சுருள்கள் படுத்துவிட்டிருக்கும். இதெல்லாம் செவர்லேக்கு அன்றே தெரியாமல் இல்லை. 1967-இலேயே ‘கஸ்டம் ஸ்போர்ட் டிரக்’ என்ற உயர்ரக வகையில் தனித்தனிப் பக்கெட் சீட்டுகளைக் கூடுதல் விலைக்குத் தந்தது. ஆனால் பிக்கப் அப்போது பண்ணைக்கும் கட்டட வேலைக்கும் போகும் வண்டி. பெஞ்ச்தான் அதன் இயல்பு.

இன்று சி10 வைத்திருப்பவர் செய்வது இதுதான்: பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்துக்குப் போகிறார், நம் ஊர்க் காயலான்கடையின் பிரம்மாண்ட அமெரிக்க வடிவம் அது. விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய, உள்ளே வாடாமல் இருக்கும் ஏதோ ஒரு வண்டியிலிருந்து இரண்டு சீட்டுகளைக் கழற்றி வாங்குகிறார். ஒரு சனிக்கிழமை ஸ்பேனரோடு உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை என்று நினைக்கிறார். தரையில் நான்கு போல்ட், அவ்வளவுதானே?

அந்த நான்கு போல்ட்டுகளைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். ஆனால் அங்கே போவதற்கு முன், மேலே உட்கார்ந்திருக்கும் உடலைப் பார்த்துவிட வேண்டும்.

வண்டி வடிவமைப்பவர்கள் முதலில் வரைவது சக்கரத்தையோ கதவையோ அல்ல, ஒரு புள்ளியை. உட்கார்ந்திருக்கும் மனிதனின் தொடையும் உடலும் மடியும் இடம், அதாவது இடுப்பு மூட்டு. அதை இடுப்புப் புள்ளி என்போம். கண் எங்கே இருக்கும், கால் பெடலை எட்டுமா, பெல்ட் எந்த எலும்பின் மேல் படியும் என்பதெல்லாமே அந்தப் புள்ளியிலிருந்து கணக்கிடப்படுகின்றன. மெத்தையின் மேல் உட்காரும்போது அது அமுங்கும் என்பதால் வெறும் அளவுகோலால் அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகவே அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 1960-களில் ஒரு பொம்மை இயந்திரத்தைத் தரப்படுத்தியது. தொடை, முதுகு வடிவ ஓடுகள், மூட்டில் ஒரு கீல், மேலே வைக்க எடைக்கட்டிகள்; மொத்தம் சுமார் 76 கிலோ. அதைச் சீட்டில் உட்காரவைத்து எடை ஏற்றினால் கீல் நிற்கும் இடமே இடுப்புப் புள்ளி.

இதே சங்கத்தின் கணக்கில், குதிகால் பதியும் தரையிலிருந்து இடுப்புப் புள்ளி எவ்வளவு உயரம் என்பது ஒரு வண்டியின் சாதியையே சொல்லிவிடும். 405 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் கார், வேன், சிறு பிக்கப் வகை. அதற்கு மேலே 530 வரை கனரக லாரி. முதல் வகைக்குள்ளேயே வேறுபாடு பெரிது. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரில் கால்கள் முன்னால் நீண்டு கிடக்கும். பிக்கப்பில் நாற்காலியில் இருப்பதுபோல் முழங்கால் மடிந்து தொங்கும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கால் நீட்டி உட்காரும் காருக்காகச் செய்த சீட்டின் மெத்தை முன்விளிம்பில் நன்றாக மேலே தூக்கியிருக்கும், நீண்ட தொடையைத் தாங்க. அதே சீட்டைப் பிக்கப்பின் உயரத்துக்கு இரும்புச் சட்டம் வைத்து ஏற்றினால், அந்த முன்விளிம்பு முழங்காலுக்குச் சற்றுப் பின்னே தொடையின் அடியை அழுத்தும். அங்கேதான் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களும் நரம்பும் தோலுக்குப் பக்கமாக ஓடுகின்றன. இருபது நிமிடத்தில் கால் மரத்துப்போகும். விலை உயர்ந்த ஜெர்மன் கார் சீட்டைத் தேடிப்பிடித்து வாங்கிப் போட்டுவிட்டு, பழைய பெஞ்சே தேவலை என்று புலம்புகிறவர்களின் தொல்லைக்கு மூலம் பெரும்பாலும் இதுதான். பிக்கப்புக்குப் பிக்கப் சீட்தான் பொருந்தும். அழகுக்காகச் சொல்லவில்லை, தொடையின் கோணத்துக்காகச் சொல்கிறேன்.

கோணம் என்றதும் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை. 1953-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜே. ஜே. கீகன் என்ற அறுவை மருத்துவர், வெவ்வேறு நிலைகளில் மனிதர்களின் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தொடைக்கும் உடலுக்கும் இடையே ஏறத்தாழ 135 பாகை இருக்கும்போது கீழ்முதுகு அதன் இயல்பான வளைவில் தளர்ந்திருக்கிறது. 90 பாகைக்கு மடக்கினால் அந்த வளைவு தட்டையாகிறது என்று கண்டார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஸ்வீடனில் ஆல்ஃப் நாகெம்சன் இன்னும் துணிந்து, தன்னார்வலர்களின் முதுகெலும்பு டிஸ்குக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் நிற்பதைவிட டிஸ்கில் அழுத்தம் கூடுதல் என்பது அவர் முடிவு. உட்கார்வதே முதுகுக்கு எதிரி என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவ இந்த அளவீடுகள் ஒரு பெரிய காரணம். ஆனால் 1999-இல் ஜெர்மனியில் வில்கே குழுவினர் ஒரே ஒரு தன்னார்வலரின் டிஸ்கில் நவீன அழுத்தமானியைப் பொருத்தி அளந்தபோது, நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், தளர்ந்து உட்காரும்போது 0.46 என்று வந்தது. ஒருவரை மட்டும் வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. என்றாலும் பழைய முடிவை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் முடியாது. இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு: பின்னால் சாயச் சாய டிஸ்கின் மேல் பாரம் குறைகிறது, மேலுடலின் எடையைச் சாய்மானம் பங்கிட்டுக்கொள்வதால்.

சி10-இல் சாயத்தான் முடியாது. காரணம் சீட்டில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. அந்தத் தலைமுறைப் பிக்கப்புகளில் பெட்ரோல் டேங்க் கேபினுக்கு உள்ளேயே, பெஞ்ச்சின் முதுகுக்குப் பின்னால் நின்றது. ஏறத்தாழ 75 லிட்டர் பெட்ரோல், ஓட்டுநரின் முதுகிலிருந்து ஒரு சாண் தூரத்தில்! 1973-இல் வந்த அடுத்த தலைமுறையில் அதைக் கேபினுக்கு வெளியே, சேசிஸ் சட்டத்தின் பக்கவாட்டுக்கு மாற்றினார்கள். (அந்த இடமும் சரியில்லை என்று பின்னாளில் வழக்குமேல் வழக்கு வந்தது, அது தனிக்கதை.) எனவே சாயும் சீட்டை சி10-இல் போட விரும்புகிறவர் முதலில் டேங்கை வெளியேற்ற வேண்டும். வண்டியின் பின்பகுதியில், சட்டத்தின் இரு கைகளுக்கு நடுவே, அதே நிறுவனத்தின் பிளேசர் வண்டியின் டேங்கைப் பொருத்துவது அங்கே வழக்கமான தீர்வு. சீட்டை மாற்றப் போனவர் எரிபொருள் குழாய் வேலையில் போய் நிற்பது இப்படித்தான்.

அடுத்து அதிர்வு. இங்கே சற்று நிதானமாகப் போவோம். சீட்டின் சுகம் என்று நாம் சொல்வதில் பாதி இதில்தான் அடங்கியிருக்கிறது.

மனித உடல் ஒரு கட்டைபோல் அதிர்வதில்லை. வயிற்று உறுப்புகள், தோள், தலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொங்கி ஆடுகின்றன. உட்கார்ந்திருப்பவரை மேலும் கீழும் குலுக்கினால், நொடிக்கு 4 முதல் 8 முறை குலுக்கும்போதுதான் உடல் அதிகமாகத் துன்பப்படுகிறது. அந்த வேகத்தில் உடலின் சொந்த ஆட்டமும் வெளியிலிருந்து வரும் ஆட்டமும் சேர்ந்துகொள்கின்றன, ஒத்ததிர்வு. ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேசத் தரம் இந்த இடைவெளிக்குத்தான் அதிக எடை கொடுத்து அதிர்வை மதிப்பிடுகிறது. நாள் முழுக்க லாரியும் டிராக்டரும் ஓட்டுவோருக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் ஒரு வரம்பே விதித்தது: எட்டு மணி நேர வேலைக்குச் சராசரி 0.5 மீட்டர்/நொடி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 1.15-ஐத் தாண்டவே கூடாது.

வண்டி அனுப்பும் அதிர்வு எப்படிப்பட்டது? உடற்கூடு ஸ்பிரிங்கின் மேல் ஆடுவது நொடிக்கு ஒன்று முதல் இரண்டு முறை. சுமை ஏற்றுவதற்கென்று விறைப்பாகச் செய்த பிக்கப்பின் பின்பக்கம், காலியாக ஓடும்போது இந்த எல்லையின் மேல்முனைக்குப் போகும். சக்கரமும் அச்சும் குதிப்பது 10 முதல் 15 முறை. சீட்டும் அதன்மேல் இருக்கும் ஆளும் சேர்ந்து மூன்றாவது ஆட்டக்காரர். ஸ்பிரிங்கின் விறைப்பை அதன்மேல் நிற்கும் எடையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2π-ஆல் வகுத்தால் இயற்கை அதிர்வெண் வரும். சீட்டின் மேல் படியும் எடை 55 கிலோ, மெத்தையின் விறைப்பு மீட்டருக்கு 35,000 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால் விடை 4 ஹெர்ட்ஸ். சாதாரண ஃபோம் சீட்டுகள் இந்தப் பக்கத்தில்தான் விழுகின்றன.

இதன் பொருள் சங்கடமானது. எந்த ஸ்பிரிங்கும் தன் இயற்கை அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலே வரும் ஆட்டத்தைத்தான் குறைக்கும். அதற்குக் கீழே கூட்டித்தான் கொடுக்கும். 4 ஹெர்ட்ஸ் மெத்தை, 5.7-க்கு மேலே உள்ள சக்கரக் குதிப்பை நன்றாக விழுங்கும். ஆனால் சரியாக 4-இல் வரும் குலுக்கலைத் தரையில் இருப்பதைவிடப் பெரிதாக்கி முதுகுக்கு அனுப்பும். மெத்தையை இன்னும் மென்மையாக்கினால் என்ன? இயற்கை அதிர்வெண் இறங்கும், நல்லதுதான். ஆனால் அமுங்கும் ஆழமும் கூடும், பெரிய குழியில் மெத்தை அடிதட்டி இரும்பில் இடிக்கும். இந்த இழுபறியில் எல்லோருக்கும் பிடித்த விடை கிடையாது. பழைய கம்பிச் சுருள் பெஞ்ச் மென்மையானதுதான், ஆனால் ஆட்டத்தைத் தணிக்கும் குணம் அதற்குக் குறைவு. ஒரு மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் இரண்டு மூன்று முறை எம்பிக்கொண்டே இருக்கும். கனத்த ஆள் ஒருவர் எம்பினால் அதே பெஞ்ச்சின் மறுமுனையில் இருப்பவரும் எம்புவார்.

ஃபோம் இந்த இடத்தில் வென்றது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயர் குழுவினர் பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டுபிடித்தார்கள். ஐசோசயனேட், பாலியோல் என்ற இரண்டு திரவங்கள் சேர்ந்து பிளாஸ்டிக்காகும்போது, கூடவே கொஞ்சம் தண்ணீரும் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். வேகும் ஆப்பத்தில் கண்கள் திறப்பதுபோல் கலவை முழுக்கக் குமிழ்விட்டு உப்பும். குமிழ்களின் சுவர்கள் ஓரளவு திறந்திருப்பதால், அமுங்கும்போது உள்ளே இருக்கும் காற்று குறுகிய வழிகளில் பிதுங்கி வெளியேற வேண்டியிருக்கிறது. அந்தத் தடைதான் ஆட்டத்தைத் தணிக்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே பொருளில் கிடைத்துவிட்டன. 1950-களில் இது தொழிற்சாலை அளவில் வந்த பிறகு குதிரைமுடி, பஞ்சு, நார் எல்லாம் மெல்ல விடைபெற்றன. ஆனால் ஜெர்மனியின் பீட்டில் காரில் ரப்பர் பூசிய தென்னை நார்த் திண்டு வெகுகாலம் தொடர்ந்தது. தேங்காய் நாருக்கு இப்படி ஒரு வாழ்வு இருந்தது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஃபோமும் சாகும். வெயிலும் ஈரமும் வேர்வையும் குமிழ்ச் சுவர்களை அரித்து உடைக்கும். அமுங்கினது அமுங்கினபடியே நிற்கும். அதனால் பழைய வண்டிச் சந்தையில் வாங்கும் சீட்டின் தோலுறை பளபளப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. முழங்கையால் ஊன்றி அழுத்த வேண்டும். கடினமான எதுவோ கையில் தட்டினால் அந்த மெத்தையின் காலம் முடிந்தது. இன்னொரு விவரம்: உயரம் கூடிப்போகிறது, தலை கூரையில் தட்டுகிறது என்று மெத்தையின் அடியைக் கத்தியால் அறுத்துத் தாழ்த்துகிறவர்கள் உண்டு. இரண்டு அங்குலம் அறுத்தால் விறைப்பு கூடும், அடிதட்டும் ஆழம் குறையும். சுகத்துக்காக வாங்கிய சீட்டின் சுகத்தை வெட்டி எறிவது அது.

இனி போல்ட்டுக்கு வருவோம்.

மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலோ மோதி நிற்கிறது. முன்பக்கம் நசுங்குவது, பெல்ட் நீள்வது எல்லாம் சேர்த்து உள்ளே இருப்பவரின் உடல் 60 சென்டிமீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று கொள்வோம். வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் புவியீர்ப்பைப்போல் 16 மடங்கு வருகிறது. 75 கிலோ ஆள் அந்தக் கணத்தில் 1.2 டன். கெட்டியான சட்டத்தின் மேல் கட்டிய பழைய பிக்கப் இவ்வளவு இதமாக நசுங்காது என்பதால் நிஜக் கணக்கு இதைவிட மோசமாகவே இருக்கும்.

இந்த 1.2 டன்னை யார் பிடிப்பது? சி10-இல் இடுப்பு பெல்ட்டின் இரு முனைகளும் கேபின் தரையில் நேரடியாகப் பூட்டப்பட்டவை. தொழிற்சாலையிலேயே அந்த இடங்களில் அடியில் தடித்த தகடும் நட்டும் பற்றவைத்திருப்பார்கள். ஆளின் பாரம் பெல்ட் வழியாகத் தரைக்குப் போய்விடும். சீட் தன் சொந்த எடையைப் பிடித்துக்கொண்டால் போதும். அமெரிக்கக் கூட்டாட்சி வாகனப் பாதுகாப்புத் தரம் 207 சீட்டிடம் கேட்பதும் அதைத்தான்: தன் எடையைப்போல் 20 மடங்கு விசையை முன்னாலும் பின்னாலும் தாங்க வேண்டும். 30 கிலோ சீட்டுக்கு 600 கிலோ. நான்கு போல்ட்டுக்குப் பங்கு போட்டால் பெரிய விஷயமில்லை.

இப்போது சி10 வட்டாரத்தில் பலரும் விரும்பித் தேடும் சீட்டைப் பாருங்கள். 1999 மாடலாக வந்த செவர்லே சில்வராடோவின் முன் சீட். அகலமானது, பிக்கப்புக்கே அளவெடுத்துச் செய்தது, மலிவாகவும் கிடைக்கும். அதன் தோளிலிருந்தே சீட் பெல்ட் வெளியே வருகிறது. பெல்ட்டின் மூன்று முனையும் சீட்டோடு. கதவுத் தூணில் பெல்ட் மாட்டாமலேயே மூன்று புள்ளிப் பெல்ட் கிடைத்துவிட்டதே என்று சி10-காரர் மகிழ்கிறார். 1959-இல் வால்வோவின் நில்ஸ் போலின் உருவாக்கிய அந்த மூன்று புள்ளிப் பெல்ட், தன் பழைய வண்டியில் ஒரே நாளில்!

ஆனால் பாரம் போகும் வழி மாறிவிட்டது. இப்போது ஆளின் 1.2 டன் முழுவதும் சீட்டின் எலும்புக்கூடு வழியாக இறங்கி, அந்த நான்கு போல்ட்டுக்கு வந்து சேர்கிறது. அதுவும் நேராக அல்ல, நெம்பிக்கொண்டு. பாதி பாரம் தோளில், தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில். மீதிப் பாதி இடுப்பில், 30 சென்டிமீட்டர் உயரத்தில். முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடையே 40 சென்டிமீட்டர். சீட் முன்பக்கமாகக் கவிழப் பார்க்கிறது; பின் போல்ட் இரண்டும் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே கிளம்பப் பார்க்கின்றன. திருப்புவிசையைக் கணக்கிட்டால் பின் ஜோடியின் மேல் 1.8 டன் மேல்நோக்கிய இழுப்பு, ஒவ்வொன்றுக்கும் 900 கிலோ. இது நாம் எடுத்துக்கொண்ட மிதமான மோதலுக்கு. பெல்ட் நங்கூரங்களுக்கான தரம் 210, தோள் பகுதிக்கும் இடுப்புப் பகுதிக்கும் தலா 3,000 பவுண்டு இழுத்துச் சோதிக்கச் சொல்கிறது. அதே நெம்புகோல் கணக்கில் பின் போல்ட் ஒவ்வொன்றும் 2 டன் தாங்க வேண்டும்.

போல்ட் தாங்கும். அமெரிக்க வண்டிகளில் பெல்ட்டுக்கு வழக்கமாக வரும் 7/16 அங்குல, எட்டாம் தர போல்ட் (தலையில் ஆறு கோடு இருக்கும்) அறுபட 8 டன் ஆகும். அறுபடப் போவது போல்ட் அல்ல, அது நுழைந்திருக்கும் தரை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள மென்மையான எஃகுத் தகடு அது. 16 மில்லிமீட்டர் அகலமுள்ள போல்ட் தலை அந்தத் தகட்டை வட்டமாக வெட்டிக்கொண்டு வெளியே வரத் தேவையான விசை, தலையின் சுற்றளவைத் தகட்டின் தடிப்பாலும் எஃகின் வெட்டு வலிமையாலும் பெருக்கினால் வருகிறது: சுமார் 1 டன். ஒரு சாதாரண வாஷர் போட்டால் 1.6 டன். தகடு முதலில் வளைந்து, ஓட்டையைச் சுற்றிக் கிழியத் தொடங்கும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவிலேயே முடிந்துவிடும். துருப்பிடித்த தரை என்றால் கணக்கே வேண்டாம்.

அடியில் 75 மில்லிமீட்டர் சதுரத் தகடு ஒன்றை வைத்தால் வெட்டுப்பட வேண்டிய சுற்றளவு 300 மில்லிமீட்டராகி, எல்லை 6 டன்னுக்கு ஏறுகிறது. கார் பந்தயங்களை நடத்தும் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ. தன் விதிகளில் இதைத்தான் கேட்கிறது: சீட் பிடிக்கும் ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது 40 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள, 3 மில்லிமீட்டர் தடித்த எஃகுத் தகடு. பந்தய ஓட்டுநருக்கு எது தேவையோ அது மளிகை வாங்கப் போகிறவருக்கும் தேவை. மோதலில் இயற்பியல் ஆள் பார்ப்பதில்லை. சில்வராடோவின் சொந்தத் தரையில் அந்த சீட்டின் கீழே குறுக்குச் சட்டங்கள் ஓடுகின்றன. சீட்டைக் கழற்றிக்கொண்டு வருகிறவர் அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்.

பெல்ட்டின் கோணமும் சீட்டோடு சேர்ந்து மாறும். இடுப்பு பெல்ட், கிடைமட்டத்துக்கு 30 பாகைக்கும் 75 பாகைக்கும் இடையே இறங்கினால்தான் இடுப்பெலும்பின் மேல் படியும். புது சீட் பழையதைவிடத் தாழ்வாகவோ முன்னாலோ அமைந்தால் பழைய நங்கூரத்திலிருந்து வரும் பெல்ட் தட்டையாகி, மோதலில் எலும்பை விட்டு வழுக்கி வயிற்றின் மென்பகுதிக்கு ஏறிவிடும். அப்போது ஆள் பெல்ட்டின் அடியில் புகுந்து முன்னால் சறுக்குவார். ஈரலும் குடலும் கிழிவது அந்த நேரத்தில்தான். மெத்தையின் முன்பகுதியில் உள்ளே மறைந்திருக்கும் சரிவான இரும்புத் தட்டு இந்தச் சறுக்கலைத் தடுக்க வைத்தது. உயரத்தைக் குறைக்க அதையும் அறுத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

பின்னாலிருந்து இடிபடும்போது கதை வேறு. அங்கே ஆளைப் பிடிப்பது சாய்மானமும் தலை அணையும் மட்டுமே. அமெரிக்காவில் கார்களுக்கு 1969 தொடக்கத்திலேயே முன் சீட்டில் தலை அணை கட்டாயமானது. பிக்கப்புகளுக்கு அந்தச் சட்டம் 1991 செப்டம்பரில்தான் வந்தது. இடையில் விற்ற எத்தனையோ பிக்கப்புகளில் தலைக்குப் பின்னால் இருந்தது கேபினின் பின் கண்ணாடி மட்டுமே. நான் சீட் மாற்றத்தை ஆதரிப்பதற்கு உள்ள ஒரே வலுவான காரணம் இந்தத் தலை அணைதான். மற்றதெல்லாம் சொகுசு. ஆனால் சாய்மானத்தின் வலிமைக்குத் தரம் 207 வைத்த அளவுகோலை நம்பி உட்கார முடியாது. இடுப்புப் புள்ளியைச் சுற்றி 373 நியூட்டன்-மீட்டர் திருப்புவிசையைத் தாங்கினால் தேர்ச்சி. 40 சென்டிமீட்டர் உயரத்தில் சுமார் 95 கிலோ தள்ளுவதற்குச் சமம் அது; மேலுடல் 40 கிலோ என்றால் புவியீர்ப்பைப்போல் இரண்டரை மடங்குகூட இல்லை. நல்ல நிறுவனங்கள் இதைவிடப் பலமடங்கு வலுவாகவே செய்கின்றன. சட்டம் மட்டும் 1960-களில் நின்றுவிட்டது. 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதை மறுபரிசீலனை செய்யச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. எனவே இணையத்தில் கிடைக்கும், யார் செய்தது என்று தெரியாத புத்தம்புது ‘ரேசிங்’ சீட்டைவிட, பெரிய நிறுவனத்து வண்டியில் இருந்து கழற்றிய பழைய சீட் எனக்கு நம்பகமானது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1999 மாடலிலிருந்து அமெரிக்காவில் எல்லா இலகு டிரக்குகளிலும் ஏர்பேக் வந்தது. சில சீட்டுகளின் பக்கவாட்டில் ஏர்பேக்கும், பெல்ட் கொக்கியில் பெல்ட்டை வெடித்து இறுக்கும் சிறு மருந்துக் குப்பியும் இருக்கலாம். மஞ்சள் நிற இணைப்பான் தெரிந்தால் பேட்டரியைத் துண்டித்துக் காத்திருந்துதான் தொட வேண்டும். மின்மோட்டாருள்ள சீட்டுக்குப் பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு தனித் தடித்த ஒயர் வேண்டும். புது உறை தைப்பதானால் துணி எரியும் வேகத்தைக் கேளுங்கள்; 1972-இல் வந்த தரம் 302, நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் தீ பரவக் கூடாது என்கிறது. தனித்தனி சீட் உள்ள பிக்கப்பில் ஓட்டுநர் சீட் தேய்ந்துவிட்டது, பயணி சீட் புதிதாக இருக்கிறது என்று இரண்டையும் இடம் மாற்றிப் போடுகிறவர்களும் உண்டு. போல்ட் பொருந்தினாலும் கொக்கி கதவுப் பக்கம் போய்விடும், சாய்க்கும் கைப்பிடி நடுவே வந்துவிடும். உறையையும் மெத்தையையும் மட்டும் மாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம்.

பழைய போல்ட்டைக் கழற்றுவதே ஒரு போராட்டம். குளிர்காலச் சாலையில் கொட்டும் உப்பு தரையின் அடியில் ஒட்டி, மரைக்குள் துருவாகிறது. துருவின் கனஅளவு அது தின்ற இரும்பைவிடப் பெரிது என்பதால் நட்டும் போல்ட்டும் இறுகிப்போகின்றன. எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்தால் பெரும்பாலும் இளகும். கேஸ் வெல்டிங் சுடரால் சூடாக்குவது பட்டறைகளின் பழக்கம். சி10-இல் அதை நினைத்தே பார்க்கக் கூடாது, பின்னால் இருக்கும் டேங்க் காலியாக இருந்தாலும். திரவப் பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆவியும் காற்றும் கலந்து நிற்கும் காலி டேங்க் எளிதில் வெடிக்கும்.

சீட் மாற்ற நினைப்பவருக்கு என் யோசனை இது. தோளிலிருந்து பெல்ட் வரும் சீட்டை விட்டுவிட்டு, கதவுத் தூணில் பெல்ட் கொண்ட பிக்கப்பின் சீட்டைத் தேடுங்கள். ஆளின் பாரத்தைத் தொழிற்சாலை வைத்த நங்கூரங்களே தொடர்ந்து பிடிக்கட்டும். வாங்குவதற்கு முன், பழைய பெஞ்சில் ஒருவரை உட்காரவைத்துத் தரையிலிருந்து அவர் இடுப்பு எவ்வளவு உயரம், ஸ்டீயரிங்கிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது சீட் அந்த அளவுக்கு வர வேண்டும். தரையின் அடியில் ஊர்ந்து போய்ச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிக்காமல் பொத்தென்று சத்தம் வந்தால், முதலில் தரையை வெட்டிப் புதுத் தகடு பற்றவைக்க ஆள் பிடியுங்கள். சீட் அப்புறம்.